காது வெட்டும் கிடாவும்

ஏலே பேராண்டி, அந்தக் குச்சியைக் கொஞ்சம் தள்ளிப் பிடி. கன்னத்து உள்பக்கம் தேய்க்கணும், அப்புறம் இந்தச் சின்னக் குப்பியில போட்டு மூடணும், அவ்வளவுதானா? லெஸ்டர்லேருந்து விமானம் ஏறி வாரவன் தாத்தாவுக்கு ஒரு கம்பளி கொண்டாருவான்னு பாத்தேன். நீ என் எச்சியைக் கேட்டு வந்து நிக்கே. இத்தனை வருசமா, கண்ட இடத்துல எச்சி துப்பாதேன்னு உங்க ஆச்சிகிட்ட ஏச்சுத்தான் வாங்கியிருக்கேன். அதைக் குப்பியில வாங்கிட்டுப் போக ஒரு ஆள் வந்திருக்கது இதுதான் முதல் தடவை.

உக்காரு. அஞ்சு நாளாத் திண்ணையில எனக்குப் பாடம் எடுத்தே. சரியாப் படிச்சிருக்கேனான்னு ஒப்பிக்கேன், தப்புன்னா சொல்லு.

ஆம்பளைக்கு மட்டும் ஒய்-னு ஒரு குரோமோசோம். அப்பன்கிட்டேருந்து மகனுக்கு, அவன்கிட்டேருந்து அவன் மகனுக்கு, தாய் பங்கு சேராம கிட்டத்தட்ட அப்படியே இறங்குது. பத்திரத்தைப் பாத்துப் பாத்து நகல் எழுதுத மாதிரி. எப்பவாச்சும் ஒரு எழுத்து பிசகும். ரெண்டு பேரு நகலையும் பக்கத்துல வச்சு, பிசகு எத்தனைன்னு எண்ணினா, எத்தனை தலைமுறைக்கு முந்திப் பிரிஞ்சாங்கன்னு தோராயமாச் சொல்லிரலாம். இங்கிலீஷ்காரன் குடும்பப்பேரும் அதே தடத்துலதான் வருது, அப்பன்கிட்டேருந்து மகனுக்கு. அப்ப ஒரே பேருக்காரன் எல்லாம் ஒரே ஆளு வாரிசான்னு பாத்திரலாமே? சரியா? உங்க அப்பனை விட நான் நல்லாப் படிப்பேன்.

ஆக்ஸ்ஃபோர்டுல பிரையன் சைக்ஸ்னு ஒரு வாத்தியாரு. சோதிக்கதுக்கு வேற பேரைத் தேடாம தன் பேரையே எடுத்தாரு பாரு, அதுக்கே அவருக்கு ஒரு மாலை போடலாம். சைக்ஸ்னா அவங்க வடக்குப் பேச்சுல ஓடையாம். ஓடைக்கரையில இருந்தவன் எல்லாம் ஓடைக்காரன். ஊருக்கு ஊரு ஓடை இருக்கும், ஓடைக்கு ஒரு ஓடைக்காரன் இருப்பான். அதனால அந்தப் பேருக்கு மூலம் பலதுன்னுதான் ஏட்டுல இருந்துச்சு. 2000-ல அவரு ஆராய்ச்சி அச்சேறிச்சு. அந்த ஒய்-ல நாலே நாலு இடத்தைத்தான் பாத்தாரு. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே அச்சு! அக்கம்பக்கத்துல வேற பேருக்காரன் ஒருத்தங்கிட்டயும் அது இல்லை. இப்ப உயிரோட இருக்க சைக்ஸ்களுக்கு மூலம் ஒரே ஒரு ஓடைக்காரன், 700 வருசத்துக்கு முந்தின்னு அவரு முடிவு பண்ணினாரு.

மீதிப் பாதி எங்கடான்னு கேட்டேன். அப்பத்தான் நீ தொண்டையைக் கனைச்சே. தலைமுறைக்கு நூத்துக்கு 1.3 பேருக்கு அப்பன் வேறன்னு வச்சுக்கிட்டா கணக்கு ஒத்துவருதுன்னே. உங்க ஆச்சி கதவுக்குப் பின்னால நின்னு, "அவ்வளவு கம்மியா?"ன்னு கேட்டா பாரு, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஆனா எல்லாத்துக்கும் பொம்பளை தலையை உருட்டாதே. நம்ம ஆட்டுக்குக் காதுல வெட்டுப் போடுதோம்லா? வலது காதுல ஒரு வெட்டுன்னா நம்மது, இடது காதுல ரெண்டுன்னா கோனார் வீட்டுது. குட்டியை விலைக்கு வாங்கினாலும் நம்ம வெட்டுத்தான். தாயில்லாக் குட்டியை எடுத்து வளத்தாலும் அதே வெட்டுத்தான். பட்டி எதுன்னு காது சொல்லும். கிடா எதுன்னு சொல்லாது. நீ சொல்லுத குடும்பப்பேரு காது வெட்டு.

நீயே ஒருத்தன் கதை சொன்னியே, குரோம்வெல். எட்டாம் ஹென்றி அரண்மனையில தாமஸ் குரோம்வெல் பெரிய கை. அவன் அக்கா தங்கச்சி ஒருத்தியை வேல்ஸ்காரன் வில்லியம்ஸுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாங்க. அவ மகன் ரிச்சர்டு, அப்பன் பேரு சோறு போடாதுன்னு தாய்மாமன் பேரை எடுத்து மாட்டிக்கிட்டான். 1540-ல ராசா மாமன் தலையை எடுத்துட்டான். பேரு மட்டும் மருமகன்கிட்ட பத்திரமா இருந்துச்சு. அந்த ரிச்சர்டுக்குக் கொள்ளுப்பேரன்தான் ஆலிவர் குரோம்வெல். 1649-ல வேற ஒரு ராசா தலை போச்சே, அந்த ஓலையில கையெழுத்துப் போட்டவன். தலைக்குத் தலை சரியாப்போச்சு. ஆனா அந்த ஆலிவர் கன்னத்துல உன் குச்சியை விட்டிருந்தா என்ன வந்திருக்கும்? வில்லியம்ஸ்! இதுல எவ என்ன தப்புப் பண்ணினா? மாமன் மேல இருந்த பாசம். பாசம்னா சொத்து.

நீ வேலை பாக்குத ஊர்லயே நடந்த கூத்தைக் கேளு. 2012-ல கார் நிறுத்துத இடத்தைத் தோண்டினா, 1485-ல சண்டையில செத்த மூணாம் ரிச்சர்டு ராசா எலும்பு! பக்கவாட்டுல வளைஞ்ச முதுகெலும்போட கிடந்தான். அவனுக்குப் பிள்ளை வழி இல்லை. அதனால அவன் கொள்ளுத்தாத்தனுக்கும் அப்பனான மூணாம் எட்வர்டு வழி வந்த பிரபு குடும்பத்துல, இப்ப இருக்க அஞ்சு ஆம்பளைங்ககிட்ட எச்சி வாங்கினாங்க. ஒருத்தனும் ராசாவோட ஒத்துவரலை. அதாவது பரவாயில்லை. அஞ்சுல நாலு பேருதான் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துவந்தாங்களாம். அஞ்சாமத்தவன் அந்த நாலு பேரோடயும் சேரலை. ராசாவைத் தேடிப் போனவங்க அவன் வீட்டு அடுப்பங்கரையையும் சேத்துத் தோண்டிட்டு வந்துட்டாங்க.

கடைசியில அந்த எலும்பு ராசாவோடதுதான்னு எப்படி உறுதி சொன்னாங்க? அக்கா வழியில. அக்கா மகள், மகளுக்கு மகள்னு பொம்பளை வழியாவே இறங்கிவார இன்னொரு சங்கதி இருக்குன்னியே, அது அச்சுப் பிசகாம ஒத்துவந்திருக்கு. இதையும் ஆச்சி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. இந்தத் தடவை ஒண்ணும் சொல்லலை. காபியில மட்டும் சீனி கூடப் போட்டா.

அதனால உன் குச்சியை ரொம்பத் தூக்கி வைக்காதே. பத்துத் தலைமுறை மேல ஏறினா உனக்கு 1024 பாட்டன் பாட்டி. அதுல இந்தக் குச்சி பேசுதது ஒரே ஒருத்தனுக்கு. மீதி 1023 பேரும் கல்யாணப் பந்தியில இலை கிடைக்காதவன் மாதிரி நிக்காங்க.

பேரும் எல்லாப் பேரும் ஒத்துவராது. ஸ்மித்துன்னா கொல்லன். ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை, அதனால ஸ்மித்துக்கும் ஸ்மித்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்க லெஸ்டர் ஆளுங்களே 40 குடும்பப்பேரு, 1678 ஆம்பளைன்னு சோதிச்சு 2009-ல சொல்லிட்டாங்க. அபூர்வமான பேருதான் தேறும். காட்டு மிருகத்தை எல்லாம் டிவியில காட்டுதாரே டேவிட் அட்டன்பரோ, அந்தப் பேருக்காரங்கள்ல பெரும்பாலோர் ஒரே ஆளு வாரிசு.

இப்ப நம்ம சங்கதிக்கு வருவோம். நமக்கு ஏதுலே குடும்பப்பேரு? அப்பன் பேருல ஒரு எழுத்து, அதுவும் ஒரு தலைமுறைக்கு. பாஸ்போர்ட்ல அந்தக் கட்டத்தை நிரப்ப உங்க அப்பன் பேரைப் போட்டுட்டே. உன்னை அங்க ஆபீஸ்ல எல்லாரும் மிஸ்டர் செல்லத்துரைங்கானாம். செல்லத்துரை இங்க ரைஸ்மில்லுல தவிட்டுக்குள்ள உக்காந்திருக்கான், அவனுக்கு அங்க மரியாதை. நாளைக்கு உன் பட்டியல்ல இன்னொரு செல்லத்துரை அகப்பட்டான்னு வையி, பங்காளின்னு கட்டிப்பிடிச்சிராதே. அது அவன் அப்பன் பேரு.

நம்ம பேரேடு வேற இடத்துல இருக்கு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல தலைக்கட்டு வரி போடுதோம்லா, அந்த நோட்டுதான். இந்தச் சாஸ்தாவுக்கு வரி கொடுக்கவன் எல்லாம் பங்காளி. பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்க மாட்டோம். மாமன் மச்சான் சாமி வேற. வெள்ளைக்காரன் குப்பியில பாக்குததை நாம தேங்காய் உடைச்சுப் பாக்கோம். ஆனா சுவீகாரம் வந்தவனும் அதே நோட்டுலதான் இருக்கான். எந்தப் பக்கத்துல, எந்த வரின்னு எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

கன்னத்தைத் தேய்க்குமுன்னால ஒண்ணு கேளு. உன் கன்னத்துல இருக்கது உனக்கு மட்டும் பட்டா போட்டதில்லை. எனக்கும் அதேதான், உங்க அப்பனுக்கும் பெரியப்பனுக்கும் அவன் ஆம்பளைப் பிள்ளைகளுக்கும் அதேதான். நீ ஒருத்தன் குப்பியை மூடினா அத்தனை பேரும் வாயைத் திறந்த மாதிரி. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

அதுவும் ஒரு குப்பி தனியா ஒண்ணும் சொல்லாது. 37 இடம் பாரு, காசு கொட்டி 111 இடம் பாரு, வெறும் நம்பருதான் வரும். பக்கத்துல வைக்க இன்னொருத்தன் நம்பர் வேணும். அந்த ரெண்டாவது குப்பியை யாருக்குக் கொண்டுவந்திருக்கேன்னும் எனக்குத் தெரியும். கீழவீட்டுக்காரனுக்கு. நாலு தலைமுறைக்கு மேல ஒரே பாட்டன்னு சொல்லுதோம். கோயில்ல முதல் தேங்காய் எங்களுக்குத்தான்னு அவன் முப்பது வருசமா மல்லுக்கு நிக்கான். ஒத்துப்போச்சுன்னா அவன் சண்டையை விடப்போறானா? ஒத்துவரலைன்னா கோளாறு அவன் பக்கமா நம்ம பக்கமான்னு ரெண்டு குப்பியை வச்சுச் சொல்ல முடியாது, அந்தப் பாட்டனுக்கு இன்னொரு மகன் வழியில மூணாவது ஆள் வேணும்னு நேத்து நீதான் சொன்னே. அந்த மூணாவது ஆளு தூத்துக்குடியில இருக்கான். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என்ன, முழிக்கே? ஓ, வெத்தலையா? நீ அந்தப் பையைப் பிரிக்கையிலேயே போட்டுட்டேனே. ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேருந்தே வாயில ஒண்ணும் போட்டிருக்கக் கூடாதோ? அடடா. சரி, நீ தூத்துக்குடிக்குப் போயிட்டு வா. அதுக்குள்ள துப்பிருதேன்.