மாப்பிள்ளைத் தயக்கம்

வாங்க மாப்பிள்ளை. ரிக்குல ரிலீஃப் வால்வுத் திருகை வெடியால இருந்து நாலு தடவை திருகிட்டீங்களாமே? இன்னும் ஒரு நாலு திருகுங்க. திருச்செங்கோட்டுல ஹோஸ் விக்கறவரு மகளுக்குக் கல்யாணம் வருதாம், நம்ம மொய்யாட்ட இருந்துட்டுப் போகுது.

அட, மூஞ்சியைத் தூக்காம உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். போன தை மாசம் ராஜஸ்தான்ல போர் போடப் போயி நீங்க காட்டின கைவரிசையை மொதல்ல பேசிருவோம். மத்தியானம் ஆயில் நல்லாச் சூடேறிக் கெடக்கையில கேஜ் 160 பார் காட்டுச்சு. 180 வேணுமேன்னு திருகை இறுக்கினீங்க. மறுநாள் வெடியால, பல்லு கிட்டிக்கிற குளிர்ல, வண்டியைக் கெளப்பின கையோட லீவரையும் இழுத்தீங்க. ஹோஸ் படார்னு போயி, வேடிக்கை பார்க்க நின்ன சனத்துக்கெல்லாம் தை மாசத்துல தீவாளி எண்ணெய்க் குளியல். நல்லவேளை, ஆருக்கும் அடியில்லை. அப்பறம் போன்ல, “வால்வு சரியில்லீங்க மாமா”ன்னீங்க. வால்வு பாவம், அதுக்கு மாமன் யாருமில்லை, எங்கே போயி அழும்?

டேங்குல ஊத்தினது 68 நம்பர் ஆயில். அந்த 68 வெலையுமில்லை, லிட்டருமில்லை. 40 டிகிரி சூட்டுல அதோட கெட்டித்தனம் 68 சென்டிஸ்டோக்ஸ்னு அர்த்தம். அதே ஆயில் 100 டிகிரிக்குப் போனா 9-க்கும் கீழே எறங்கிரும். பூஜ்யத்துக்குப் பக்கம் போனா 40 டிகிரியில இருந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல கெட்டி. மத்தியானம் மோர்த்தண்ணி, வெடியால ராயிக் களி. மோருக்குன்னு இறுக்கி வெச்ச வாசல்ல களியை நெட்டினா முள்ளு எங்கே போய் நிக்கும்? உங்க ஹோஸைத்தான் கேக்கணும்.

சூடு பாதிக் கதைதான். வால்வுக்குன்னு சொந்தமா ஒரு புத்தி இருக்கு. 180-ல தெறந்த வால்வு, அழுத்தம் 179-க்கு வந்ததும் மூடிக்காது. இன்னும் நல்லா எறங்கினாத்தான் மூடும். இது உங்களுக்குப் புரியாம போகாது. கல்யாணமான புதுசுல விருந்துக்குக் கூப்பிட மூணு தடவை ஆள் அனுப்பினேன். அசையலை. நாலாவதா நானே வந்து நின்னப்பறம் காலை எடுத்து வெச்சீங்க. வெச்சப்பறம்? நாட்டுக்கோழிக் கொழம்பு பருப்பாச்சு, பருப்பு ரசமாச்சு, ரசம் ஊறுகாயாச்சு. ஊறுகாய் ஜாடி காலியான அன்னைக்குத்தானே பையை எடுத்தீங்க?

இதுக்கு ஹிஸ்டெரிசிஸ்னு பேர் வெச்சவரு ஈவிங்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு. 1880-கள் தொடக்கத்துல டோக்கியோவுல வாத்தியாரா இருந்தப்ப, இரும்புல காந்தம் ஏறறது ஒரு வழி, எறங்கறது இன்னொரு வழின்னு கண்டாரு. பின்தங்கறதுக்கு இருக்கற கிரேக்கச் சொல்லையே எடுத்துப் பேராக்கிட்டாரு. என்ற பேத்தி புஸ்தகத்துல ‘தயக்கம்’னு போட்டிருக்கு. அந்த மனுசன் ஒருக்கா நம்மூட்டு விருந்துக்கு வந்திருந்தா வேற பேர் வெச்சிருப்பாரு.

கரண்டுல ஓடற ப்ரொபோர்ஷனல் வால்வு இன்னும் ரோசக்காரன். உள்ள நகர்ற ஸ்பூல்ங்கற உருளைக்கும் அது ஓடற துளைக்கும் நடுவுல சந்து சில மைக்ரான்தான். தலைமுடியே 70 மைக்ரான் வாக்குல இருக்கும். அந்தச் சந்துல உராய்வு, காயிலுக்குள்ள இருக்கற இரும்புல மிச்சமிருக்கற காந்தம். ரெண்டும் சேர்ந்து, கரண்டை ஏத்திக்கிட்டு வர்றப்ப பாதியில ஒரு எடம், எறக்கிக்கிட்டு வர்றப்ப அதே பாதியில வேற எடம்னு நிக்க வெக்கும். காயில் 20 டிகிரியில இருந்து 70-க்குச் சூடானா செம்புக் கம்பியோட தடை அஞ்சுல ஒரு பங்கு கூடிரும். அதே வோல்டேஜ்ல கரண்டு கொறையும், தள்ளற தெம்பும் போயிரும். வெயில்ல பந்தல்கால் நட்ட மாப்பிள்ளையாட்ட.

ஸ்பூல் ஒட்டாம இருக்க ஒரு வைத்தியம் இருக்கு. கரண்டை வினாடிக்கு நூறு எரநூறு தடவை லேசா நடுங்க விடுவாங்க. ஸ்பூல் துடிச்சுக்கிட்டே இருக்கறதால சொன்னதும் நகரும். டிதர்னு பேரு. போன நோம்பிக்கு என்ற கை நடுங்கறதைப் பார்த்துச் சிரிச்சீங்களே, அது வயசில்லீங்க, டிதர். பந்தியில எலை போட்டதும் மொதல்ல எந்தக் கை நகருதுன்னு பாருங்க.

செரி, வேலைக்கு வருவோம். வெடியால வண்டியைச் சித்த நேரம் சும்மா ஓட விடுங்க. ஜாக்கி, மாஸ்ட் எல்லாத்தையும் மெதுவா ஏத்தி எறக்குங்க. ஆயில் மட்டும் சூடாயி வால்வுக் கட்டை சில்லுன்னு கெடந்தா, கொதி ஆயில் பட்டதும் உள்ள இருக்கற ஸ்பூல் மொதல்ல உப்பிச் சிக்கிக்கும். 80 டிகிரியைத் தாண்ட விடாதீங்க, ஆயில் சீல் வெறச்சுப் போயிரும். கூலர்ல அப்பின மண்ணை ஊதி விட்டாலே சூடு கொறையும். செட்டிங் பார்க்கறதுன்னா 50 டிகிரி வந்தப்பறம் பாருங்க. திருகை லூஸ் பண்ணி, கீழ இருந்து ஏத்திக்கிட்டே வந்து 180-ல நிறுத்துங்க. தாண்டிட்டீங்களா, அங்கிருந்து பின்னால வந்து நிறுத்தாதீங்க. மறுபடி நல்லாக் கீழ எறக்கி, ஏறியே வாங்க.

டேங்குல சூடு காட்டற கண்ணாடி மேல ஒரு விரக்கடை சேறு கெடக்கு. போயித் தொடச்சு, எத்தனை டிகிரின்னு பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் ஸ்பேனர் என்ற மடியிலயே இருக்கட்டும்.