கத்தரிக்கு உரிமம்

கலிபோர்னியாவில் ஒருவர் காசுக்கு முடி வெட்ட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி பெற்று, தேர்வெழுதி, மாநில உரிமம் வாங்க வேண்டும். வாங்கப்போகும் வீட்டின் அஸ்திவாரத்தையும் கூரையையும் பார்த்து ‘பரவாயில்லை’ என்று சொல்ல? உரிமமே கிடையாது. டார்ச், ஏணி, விசிட்டிங் கார்டு போதும். கோணல் கிருதா இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், அஸ்திவாரம் அப்படியா?

ஆகவே அங்கே வீட்டு ஆய்வாளர்கள் சங்கங்களிடம் பட்டம் வாங்கிப் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைக் கோத்துக்கொள்கிறார்கள். எல்லாம் வெற்று அலங்காரம் என்று சொன்னால் பாவம். 1976-ல் தொடங்கிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் முழுச் சான்றிதழுக்குத் தேர்வோடு 250 ஆய்வுகளையும் கேட்கிறது. நல்ல விஷயம்தான். அந்தக் கணக்கில் முதல் ஆளாகச் சிக்கியவர் கட்டணத்தில் தள்ளுபடியாவது கேட்டாரா?