2000 வாட்டு மாப்ள

வா மாப்ள, குந்து. நேத்து ராத்திரி உன் வூட்டாண்டேர்ந்து பாட்டு கேட்டுது. அப்பால பாட்டு நின்னுபோய் கருகல் வாசனைதான் வந்துது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில வாங்கின போனஸை ஒரே ராத்திரியில புகையா வுட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி மாமன் வூட்டுக்கு டீ குடிக்க வந்துகீற பாரு, அந்த தெகிரியம் எனக்கு வராதுப்பா. 2001ல வந்த ‘சிட்டிசன்’ படத்துல அத்திப்பட்டின்னு ஒரு ஊரே காணாமப் போச்சு. நம்ம அத்திப்பட்டுல காணாமப் போனது உன் போனஸ்தான்.

ஆம்ப்ளிஃபயர் வந்த அட்டைப்பொட்டியை இப்படிக் குடு. 2000 வாட்டாமே! பக்கத்துல பொடி எழுத்துல பி.எம்.பி.ஓ.ன்னு ஒரு மந்திரம் போட்டிருக்கான் பாரு. அது கூட இருந்தா எத்தினி சைபர் வேணும்னாலும் சேத்துக்கலாம். நெசமா குடுக்கிற ஆர்.எம்.எஸ். வாட்டு எவ்ளோன்னு தேடறவன் பொழைச்சான். நம்மூர் அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட்டு யூனிட்டு 3, 600 மெகாவாட்டு யூனிட்டு 2 கட்டினாங்க. அங்கேர்ந்தே தனியா ஒயர் இழுத்துட்டியோன்னு பயந்துட்டேன். பாத்தா, செவுத்துல சாதா 6 ஆம்பியர் பிளக்கு. 230 வோல்ட்டுல அது மொத்தமா தாங்கறதே 1380 வாட்டு. மூடியைத் தொறந்தா உள்ள 24 வோல்ட்டு, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் பாவமா குந்திகீது. பெருக்கிப் பாரு, 120. அதுலயும் சூட்டுக்குப் போனது போகத்தான் பாட்டுக்கு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

சரி, ஸ்பீக்கர். காருல மாட்டறது சல்லிசா கெடைச்சுதுன்னு நாலு வாங்கியாந்துட்ட. உன்னாண்ட காரே கெடையாது, அது வேற கதை. கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். ஆம்ப்ளிஃபயர் முதுகுல 8 ஓம்னு எழுதியிருக்கான். நீ அந்த முதுகைத்தான் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிகீறியே! பக்கத்துக்கு ரெண்டா, பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்னு முறுக்கிட்ட. ஆச்சு 2 ஓம். ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட்டு தள்ளுதுன்னு வெச்சுக்க. 8 ஓமா இருந்தா ரெண்டரை ஆம்பியர், 50 வாட்டு. 2 ஓமுக்கு 10 ஆம்பியர், 200 வாட்டு கேக்கும். ஓம் கொறையக் கொறைய குழாய் வாய் பெருசாவுது மாப்ள, மேல கீற டேங்க்கு அதேதான். டிரான்சிஸ்டர் எத்தினி நேரம் தாங்கும்?

சிரிக்காத. நானும் பண்ணிகீறேன். மைக்செட்டு கட்டின காலத்துல ஆம்ப்ளிஃபயர் பின்னால 4, 8, 16 ஓம்னு திருகாணி இருக்கும், ஓரமா 100 வோல்ட்டுன்னு ஒண்ணு. திருவிழாவுல எட்டத்துல கட்டற குழாய் ஸ்பீக்கருக்குத்தான் அது. அந்தக் குழாயில டிரான்ஸ்பார்மர் இருக்கும், நீள ஒயர்லயும் சத்தம் அவ்ளோவா கொறையாது. உங்க அத்தை சீரா கொண்டாந்த ஸ்பீக்கர் பொட்டியை ஒரு நாள் அதுல மாட்டினேன். 8 ஓம்ல 100 வோல்ட்டு, கணக்குப்படி 1250 வாட்டு. ஆம்ப்ளிஃபயர் அதுல கால்வாசி கூடக் குடுத்திருக்காது, அதுக்கே காயில் கருகிப்போச்சு. இடி வுழுந்துதுன்னு சொல்லி வெச்சிகீறேன். நீ வாயைத் தொறக்காத.

வைத்தியம் ஒரு முழம் ஒயர்தான். ஒரு ஸ்பீக்கரோட மைனஸை அடுத்ததோட பிளஸ்ஸுல கோத்துடு, ரயில் பொட்டி மாதிரி. மிச்ச ரெண்டு முனை ஆம்ப்ளிஃபயருக்கு. 4ம் 4ம் 8. மீட்டர் வெச்சுப் பாத்தா ஆறு, ஆறரைதான் காட்டும். உடனே கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போவாத, 8 ஓம் அப்படித்தான் காட்டும்.

அதுக்கு மேல வாட்டு வாங்கினா சத்தம் ஏறும்னு நெனைக்கிற இல்ல? வாட்டு ரெட்டிப்பானா 3 டெசிபல், அவ்ளோதான். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா வாட்டு 10 மடங்கு வேணும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் குடுக்கிற ஸ்பீக்கரை வுட்டுட்டு 92 குடுக்கிறதை வாங்கினவன், துட்டு குடுக்காமயே ஆம்ப்ளிஃபயரை 4 மடங்காக்கிட்டான். உன் 10க்கு 12 ரூமுல சாதாரணமா பாட்டு கேக்க ரெண்டு மூணு வாட்டே தாராளம்.

சின்ன ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை இன்னா பண்ணிடும்னு வால்யூமைக் கோடி வரைக்கும் திருகுவியே, அதுக்கும் ஒண்ணு சொல்றேன். அது முடியாம மூச்சு முட்டறப்ப அலையோட தலையைச் செரைச்சுடும், திருத்தணியில மொட்டை போடற மாதிரி. அப்படி மொட்டையான சத்தத்துல கீச்சு ஜாஸ்தி. மொதல்ல போறது ட்வீட்டர்.

என் தகர டப்பாவுல 3055 டிரான்சிஸ்டர் ரெண்டு ஜோடி கீது, உன்னுதும் அதே நம்பர்தான். மொதல்ல பிளக்கைப் புடுங்கு. பத்த வெச்சுட்டு மெதுவா ஒரு பாட்டு போடலாம். இன்னா, பாஸ் பத்தாதா? அந்தா, எண்ணூர் பக்கத்துலேர்ந்து கூட்ஸ் வருது பாரு. தரையில கால் வெச்சு குந்து, துட்டு கெடையாது.