கால்மிதியில் ஈரமா? ஊற்று எங்கே என்று பாருங்கள்!

பழைய கார் வாங்கிய கோத்தா திங்கி வட்டார வாசகர்களின் கேள்விகள் இந்த மாதம் தண்ணீரையே சுற்றி வந்திருக்கின்றன.

கோத்தா திங்கி வாசகர்: அண்ணே, ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிகோண்ட் கார் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். இடப்பக்கக் கால்மிதி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய காரை என் தலையில் கட்டிவிட்டார்களா?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளம் இரண்டு முறை நம் பட்டணத்தை மூழ்கடித்ததே, அதைக் கண்டவர்களுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனாலும் தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். வெள்ளை டிஷ்யூ தாளை ஈரத்தில் அழுத்தி எடுங்கள். நிறமோ வாடையோ பிசுக்கோ இல்லை, ஏர்கோன் ஓடிய பிறகுதான் நனைகிறது என்றால் ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மழைக்கு மறுநாள் மட்டும் நனைந்தால் கதவு ரப்பரையும் முன்கண்ணாடி ஓரத்தையும் பாருங்கள். தாளில் பச்சையோ இளஞ்சிவப்போ ஒட்டி, விரலில் வழவழத்து, இனிப்பு வாடை அடித்தால் அது கூலண்ட். ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. தரைவிரிப்புக்கு அடியில் நைசான சேறு படிந்திருந்தால்தான் வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே துடைத்தவர்கள் அந்த உள்பகுதியை மறந்திருப்பார்கள்.

உலு திராம் வாசகர்: இந்த வெயில் நாட்டில் காருக்கு எதற்கு ஹீட்டர்?

நமக்குத் தேவையில்லைதான். ஆனால் கார் பனிக்காலம் உள்ள நாட்டுக்காகச் செய்யப்பட்டது. என்ஜினைக் குளிர்விக்கும் சூடான கூலண்டில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேட்டருக்கு வந்து திரும்புகிறது. அந்தச் சின்ன ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். உள்ளூரில் விற்ற பல சிறிய கார்களில் அது கிடையாது. ரிகோண்ட் கார்களிலும் ஐரோப்பியக் கார்களிலும் உண்டு. நாம் ஹீட்டர் பட்டனைத் தொட்டே இருக்கமாட்டோம். ஆனால் பல கார்களில் கூலண்ட் அதன் வழியே ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் அங்கே ஓட்டை விழுந்தால், என்ஜினுக்கு வேண்டிய தண்ணீர் உங்கள் காலடியில் சொட்டுகிறது.

பண்டார் பெனாவார் வாசகர்: முன்கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது. துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் இருக்கிறது. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்கிறார் போமன். சம்மதிக்கலாமா?

இன்று வேண்டாம். எண்ணெய்ப் படலம் ஹீட்டர் கோரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்தான். கூலண்ட் ஆவி கண்ணாடியில் படிகிறது. ஆனால் அடையாளம் வேறு, ஆதாரம் வேறு. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று ஓர் எண் இருக்கும், அதைத் தாண்டக்கூடாது. 15 நிமிடம் காத்திருங்கள். மீட்டர் முள் இறங்குகிறது, காருக்கு வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. அடுத்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றுங்கள். இப்போது முள் அசையாமல் நின்றால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. அந்த முள்ளை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு டேஷ்போர்டைப் பற்றிப் பேசுங்கள்.

கோத்தா திங்கி வாசகர்: ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார் மாமா.

மாமா சொல்வது நடக்கும், ஓட்டை அடைபடலாம். ஆனால் ஓட்டை எது, வழி எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. ஹீட்டர் கோருக்குள் இருக்கும் குழல்கள் மிகக் குறுகியவை, ரேடியேட்டரிலும் அப்படித்தான். கடையில் விற்கும் அடைப்பு மருந்துக்கும் இதே பதில்தான். ஆள் நடமாட்டமில்லாத மெர்சிங் சாலையில் இரவில் மாட்டிக்கொண்டால், பட்டறைவரை போய்ச் சேர மட்டும் அது உதவட்டும்.

பண்டார் தெங்காரா வாசகர்: ஹீட்டரை 'பைபாஸ்' செய்துவிட்டால் போதுமாமே?

நம் சீதோஷ்ணத்துக்கு அது நியாயமான வழி. கண்ணாடி மங்கினால் துடைக்க ஏர்கோன் இருக்கிறது. கேமரன் மலைக்குப் போனாலும் ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் செய்யும் முறை முக்கியம். இரண்டு குழாய்களின் வாயையும் தனித்தனியே அடைக்கக்கூடாது, ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலண்ட் சுற்றிவர இந்தப் பாதையும் உதவுகிறது. கூலண்டுக்கென்றே செய்த சரியான அளவு ரப்பர் குழாய், புதிய கிளிப், கடைசியில் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுதல்: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெப்ப முள் ஏறும்.

ஒன்றை மட்டும் இழப்பீர்கள். என்ஜின் கொதிக்கத் தொடங்கும்போது ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பினால் கொஞ்சம் சூடு வெளியேறும். காரை ஓரங்கட்டும்வரை அது கைகொடுக்கும். பைபாஸ் செய்த காரில் அந்த உதவி இல்லை. ஆகவே முள் ஏறினால் உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

உலு திராம் வாசகர்: மாற்றியே ஆகவேண்டும் என்றால் செலவை எப்படிக் குறைப்பது?

பொருளைவிடக் கூலிதான் கனமானது. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாட்டவேண்டும். அதனால் ஒரே கழற்றலில் இரண்டு வேலை பாருங்கள். ஹீட்டர் கோருக்குப் பக்கத்திலேயே ஏர்கோனின் கூலிங் காயில் இருக்கும். அதுவும் பழையதென்றால் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஹாஃப்கட் கடையில் கோர் வாங்கினால், மாட்டுவதற்கு முன் அதையும் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் வந்த வழியே திருப்பிக் கொடுங்கள். அதன்பிறகு வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலண்டில் துரு தடுக்கும் மருந்து இருக்கிறது; அது தீர்ந்துபோன தண்ணீர்தான் அலுமினியத்தை அரிக்கிறது.

கோத்தா திங்கி வாசகி: காருக்குள் இனிப்பு வாடை அடிக்கிறது. பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் உட்காருகிறார்கள். பயப்படவேண்டுமா அண்ணே?

பயம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், ஆனால் விஷம். சொட்டியதைப் பிள்ளைகள் தொட்டு வாயில் வைக்கக்கூடாது. பூனையும் நாயும் நக்கக்கூடாது. யாராவது விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தரைவிரிப்பைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். அடியில் இருக்கும் பஞ்சைப் பிழிந்து பாருங்கள். மேலே காய்ந்தாலும் ஈரம் அங்கேதான் பதுங்கும். பழுது தீரும்வரை பேரப்பிள்ளைகள் வேறு காரில் போகட்டும்.

பண்டார் பெனாவார் வாசகர்: பி5 சோதனையில் பாஸான கார்தானே என்று கைவிரிக்கிறார் விற்ற வியாபாரி.

பி5 என்பது பெயர் மாற்றத்துக்கான சோதனை. டேஷ்போர்டுக்குள் ஒழுகவில்லை என்பதற்கு அது சான்றாகாது. பட்டறையின் எழுத்து அறிக்கை, படங்கள், ரசீது மூன்றையும் சேர்த்துக்கொண்டு முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட்வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய காருக்கு அங்கே வழியில்லை. அவசரப்பட்டுப் பழைய கோரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் முதல் சாட்சி அதுதான்.

பண்டார் தெங்காரா வாசகர்: பைபாஸ் செய்த காரை இப்போது விற்கப் போகிறேன். வாங்குபவரிடம் சொல்லவேண்டுமா?

சொல்லவேண்டும். ஹீட்டர் இணைப்பு நீக்கப்பட்டது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வாங்குபவர் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும். என் முதல் காரில் அப்படி ஒரு தாள் இல்லை. அடைத்து வைத்திருந்த பழைய குழாய் ஒருநாள் நடுவழியில் வெடித்தது. மூடியைத் திறந்தபோது ரேடியேட்டரில் ஒரு கிண்ணம் தண்ணீர்கூட இல்லை. உங்கள் காரை வாங்கப்போகிறவரும் அதில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர்தானே?