சம்பலில் உப்புக் குறைவாம்!

(மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்டவை. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே எழுதியிருந்ததால் ஊர் மட்டும்.)

கேள்வி: குளிசை தொடங்கி மூன்று கிழமை. எனக்கு ஒரு மாற்றமும் தெரியல்ல. உம்மாவோ, "நீ இப்ப நல்லா வாறாய் மகள்" என்கிறா. யார் சொல்வது சரி? (கனமூலை)

உம்மா. மனச்சோர்வு விலகும் செய்தி பெரும்பாலும் நோயாளிக்குத்தான் கடைசியில் போய்ச் சேரும். தூக்கம், பசி, முகம், குரல் முதலில் திரும்பும். "மனசு லேசாகிட்டது" என்ற உணர்வு பிறகுதான் வரும். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1957இல் எழுதினார். நோயாளிகள் தாங்களாகவே காலையில் எழும்புகிறார்கள், குரலில் தெம்பு வந்திருக்கிறது, முகத்தில் களை தெரிகிறது என்பதெல்லாம் அவருடைய குறிப்புகள். பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தே மருந்து வேலை செய்வதைக் கண்டுகொண்டார். உங்கள் உம்மாவும் அதைத்தான் செய்கிறா, சம்பளமில்லாமல்!

கேள்வி: அப்படியென்றால் வீட்டில் எதைக் கவனிப்பது? (விருதோடை)

பெரிய மாற்றத்தைத் தேடாதீர்கள். மாதக்கணக்கில் எதை வைத்தாலும் பேசாமல் பிசைந்துவிட்டு எழும்பியவர், இன்றைக்கு இடியப்பத்தைத் தொட்டுவிட்டு, "சம்பலில் உப்புக் குறைவு" என்றால் கோபிக்க வேண்டாம். நாக்குக்கு ருசி திரும்பியிருக்கிறது. அடித்த ஃபோனை எடுப்பது, சொல்லாமலே தலைக்குக் குளிப்பது, சுபஹுக்கு எழும்பி மறுபடி போர்த்துக்கொள்ளாமல் வாசலைக் கூட்டுவது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன உடுத்தார்கள் என்று விசாரிப்பது எல்லாமே கணக்கில் சேரும். ரிமோட்டுக்குத் தம்பியோடு சண்டை பிடித்தால் அதையும் சேருங்கள்.

கேள்வி: நேற்று நல்லா இருந்தேன். இன்றைக்கு மறுபடி பாயைவிட்டு எழும்ப முடியல்ல. எல்லாம் வீணா? (மதுரங்குளி)

இல்லை. இந்த நோய் ஒரே நேர்கோட்டில் விலகாது. ஒரு நாளைப் பார்த்து முடிவெடுக்காமல் இரண்டு கிழமையைச் சேர்த்துப் பாருங்கள். டொக்டர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்வித் தாளும் கடந்த இரண்டு கிழமையைப் பற்றித்தான் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. தொடக்கத்தில் இருந்த புள்ளி பாதியாகக் குறைந்தால் மருந்து பிடித்திருக்கிறது. 5க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தூக்கம், சாப்பாடு, செய்த ஒரு வேலை என்று தினமும் ஒரு வரி எழுதிவையுங்கள். "எப்படி இருக்கிறீங்க?" என்று டொக்டர் கேட்கும்போது "அப்படியேதான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

கேள்வி: தொடங்கிய முதல் கிழமை வயிற்றுப் பிரட்டலும் தலையிடியும்தான் மிச்சம். குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? (கடையாமோட்டை)

பக்கவிளைவுக்கு அவசரம், பலனுக்கு நிதானம். முதலாவது பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கும். இரண்டாவது தலைகாட்ட இரண்டு முதல் நான்கு கிழமை, முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமைகூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் குளிசையைக் குப்பையில் போடுகிறார்கள். தாங்க முடியாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். முதல் மருந்திலேயே எல்லோரும் முழுதாகச் சுகமாவதில்லை. இரண்டாவதுக்கு மாறுவது தோல்வியும் அல்ல.

கேள்வி: எனக்கு மனதில் ஒன்றுமில்லை. உடம்பு நோவும் தலைப்பாரமும்தான். ஏன் மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள்? (ஆலங்குடா)

உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் நீண்ட காலம் வாழ்ந்த முஸ்லிம்களிடையே நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பொதுவான மனநலக் கோளாறு ஏதோவொன்று இருந்தது. அதில் பெரும்பங்கு, மனத்தின் பாரம் உடம்பு உபாதையாக வெளிப்படும் வகை. சொல்ல முடியாததை முதுகும் தலையும் சொல்கின்றன. நோவு பொய்யல்ல. அது குறைவதும் குணமாவதன் அடையாளந்தான்.

கேள்வி: ஓதிப் பார்த்தால் போதும், குளிசை ஈமான் குறைவு என்கிறார் பெரியப்பா. (புழுதிவயல்)

பெரியப்பா சீனி வருத்தத்துக்கு என்ன எடுக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர் உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வரும் கவலை வேறு என்று பிரித்து, பின்னதற்கு உடலில் வைத்தியம் தேடச் சொன்னார். ஓதுங்கள், துஆக் கேளுங்கள். குளிசையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நோன்பு காலத்தில் என்ன செய்வது? (கற்பிட்டி)

மாதம் பிறக்க முன்னரே டொக்டரிடம் கேளுங்கள். ஃபுளுவொக்ஸெடின் போல ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுப்பவற்றை சஹரிலோ நோன்பு திறந்த பிறகோ எடுக்க ஒழுங்கு செய்யலாம். லித்தியம் எடுப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனம்: உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறலாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது; அதை நாம் பறிக்க வேண்டாம்.

கேள்வி: அழுகை நின்றுவிட்டது. ஆனால் சாச்சியின் ஜனாஸாவிலும் அழுகை வரவில்லை. இதுவும் சுகமா? (நல்லாந்தழுவை)

பாதிச் சுகம். கவலையோடு சேர்த்து மற்ற உணர்வுகளும் மரத்துப்போவது இந்த மருந்துகள் சிலவற்றின் பக்கவிளைவு. மிச்சமிருக்கும் நோயாகவும் இருக்கலாம். எது என்று டொக்டர் பார்க்கட்டும். அளவை மாற்றினால் சரியாவது உண்டு. சிரிப்பும் அழுகையும் உரிய இடத்தில் வந்தால்தான் முழுச் சுகம்.

கேள்வி: என் மாப்பிள்ளை முன்பு படுத்தே கிடந்தார். இப்போது இரவு இரண்டு மணிக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார். மூன்று இறால் பண்ணை போடப் போகிறாராம். தூக்கமே தேவையில்லை என்கிறார். சந்தோஷப்படவா? (முந்தல்)

வேண்டாம். இன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு இந்த மருந்து மனநிலையை அளவுக்கு மேல் ஏற்றிவிடும். மறைந்திருந்த இருதுருவ நோய் அப்படித்தான் வெளியே வரும். தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லை, பேச்சும் செலவும் கட்டுக்கடங்கவில்லை என்றால் அது எச்சரிக்கை. டொக்டரைப் பார்க்கும்வரை காணி உறுதியை உங்கள் கைவசம் வைத்திருங்கள்!

கேள்வி: தங்கச்சி இப்போது எழும்பி நடமாடுகிறாள். ஆனாலும் "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிறாள். நடமாட்டத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்கலாமா? (நுரைச்சோலை)

கூடாது. உடம்பில் தெம்பு வந்து, மனதில் நம்பிக்கை இன்னும் வராத இடைவெளிதான் மிகக் கவனம் வேண்டிய காலம். முதல் கிழமைகளிலும், அளவை மாற்றும்போதும், இளவயதினரிடமும் இன்னும் கவனம். சாக நினைக்கிறாளா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. தனியே விடாதீர்கள். குளிசையையும் தோட்டத்து மருந்தையும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்திருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பொலிஸ் வருமோ என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: இப்போது முழுச் சுகம். வேலைக்கும் போகிறேன். இனிக் குளிசை எதற்கு? (கனமூலை)

கொங்கிரீட் காய முன் பலகையைக் கழற்றும் மேசனை வீட்டில் வைத்திருப்பீர்களா? சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே குளிசையைத் தொடர்வது பொது விதி. முன்பும் வந்து போனவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். இவை போதைக்குப் பழக்குபவை அல்ல. ஆனால் திடீரென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கக் கேடு, உடம்பில் மின்சாரம் அடித்த மாதிரி ஓர் அதிர்ச்சி வரலாம். நிறுத்தும் நாள் வரும். அளவைப் படிப்படியாகக் குறைத்து டொக்டரே நிறுத்துவார்.

கூட்டமான வரிசையில் நிற்பதும், சம்பள நாளை இழப்பதும், ஊரார் கண்ணில் படுவதும் கஷ்டந்தான். ஆனாலும் கொப்பியில் எழுதிய அடுத்த திகதிக்குப் போங்கள். சுகமில்லாதபோது எல்லோரும் போவார்கள். சுகமாக இருக்கும்போதும் போகிறவருக்குத்தான் நோய் திரும்பி வரும் வாய்ப்புக் குறைவு.