ஆர்ச்சி ஆச்சாரியும் ஐஸ் படகும்

அமெரிக்காவின் முதல் ஐஸ் படகு என்று ஏட்டில் ஏறியிருப்பது ஒரு பெட்டி. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதிக்கரையில், பொக்கீப்சி என்றொரு ஊர். 1790-ல் அங்கே ஆலிவர் பூத் என்பவர் ஒரு சதுரப் பெட்டியை எடுத்து அடியில் மூன்று சறுக்குக் கத்திகளைப் பொருத்தினார். முன்னால் இரண்டு, அசையாமல் ஆணியடித்து. பின்னால் ஒன்று, திருப்புவதற்கு. மேலே ஒரு பாய். அவ்வளவுதான், கப்பல் ரெடி. நதி உறைந்து படகுத் தொழில் படுத்துவிட்ட குளிர்காலத்தில் ஒரு மனிதன் கையில் சுத்தியலும் நேரமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி.

ஹாலந்துக்காரர்களுக்கு இதெல்லாம் பழங்கதை. அவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தங்கள் படகின் அடியில் குறுக்கே ஒரு பலகையைக் கட்டி, அதன் இரு முனையிலும் கத்தி வைத்து, உறைந்த நீரின் மேல் சரக்கும் ஆளும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. அமெரிக்காவில்தான் அது வீம்பாக மாறியது.

ஏனென்றால் பணக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கை வைத்த விளையாட்டில் முதலில் சாமான் பெரிதாகும், பிறகு கிளப் தொடங்கும், பிறகு கிளப்பில் சண்டை வரும். ஹட்சனில் எல்லாம் முறைப்படி நடந்தது. 1861-ல் பொக்கீப்சியில் கிளப். 1885-ல் ஒரு பந்தயத் தகராறு; கோபித்துக்கொண்டு போனவர்கள் ‘ஹட்சன் ரிவர் ஐஸ் யாட் கிளப்’ என்று எதிர்க்கடை போட்டார்கள். அதன் தலைவர் ஜான் ரூஸ்வெல்ட். பின்னாளில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குச் சித்தப்பா.

இந்தச் சித்தப்பா வைத்திருந்த படகின் பெயர் ‘ஐசிக்கிள்’. பொக்கீப்சியின் பேர்பெற்ற படகுத் தச்சர் ஜேக்கப் பக்ஹவுட் 1869-ல் கட்டியது. நீளம் 68 அடி 10 அங்குலம். பாயின் பரப்பு 1,070 சதுர அடி. நகரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை அந்த அளவில்தான் விற்கிறார்கள். அதைத் துணியில் தைத்துக் காற்றில் தொங்கவிட்டார் மனிதர். இவ்வளவும் எதற்கு? உறைந்த நதியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் போக.

ஐசிக்கிளின் புகழெல்லாம் 1871-ல் அது ரயிலை முந்தியதில் இருக்கிறது. ஹட்சனின் கிழக்குக் கரையை ஒட்டியே தண்டவாளம் போகிறது. ‘சிகாகோ எக்ஸ்பிரஸ்’ கரையோடு வர, ஐசிக்கிள் நதியில் ஓடி அதைத் தோற்கடித்தது. ரயில் பக்கம் நின்று கொஞ்சம் பேசவும் ஆள் வேண்டும். அதற்குத் தண்டவாளம் இருந்தது, பயணிகள் இருந்தார்கள், போய்ச் சேர வேண்டிய நேரம் இருந்தது. ஐசிக்கிளுக்கு இந்தப் பொறுப்புகள் ஒன்றும் கிடையாது. காற்று நின்றுபோயிருந்தால் அதே ஐசிக்கிள் நதி நடுவே பெரிய கொடிக்கம்பமாக நின்றிருக்கும், ரயில் பாட்டுக்கு ஊதிக்கொண்டு போயிருக்கும். அந்த மாதிரி நாட்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனாலும் வேகம் பொய்யில்லை. தண்ணீரில் போகும் படகைத் தண்ணீரே பிடித்து இழுக்கும். ஐஸில் கத்தி முனையைப் பிடித்து இழுக்க ஏறக்குறைய எதுவும் இல்லை. படகு ஓட ஓட முகத்தில் அடிக்கும் காற்று கூடுகிறது. அந்தக் கூடுதல் காற்றையும் பாய் வாங்கிக்கொண்டு இன்னும் வேகம் எடுக்கிறது. நல்ல ஐஸில் காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு வேகம் சர்வசாதாரணம். 1871-ல் ரயிலைவிட வேகமாகப் போக நினைத்தவனுக்கு வேறு வழியே இல்லை, மலையிலிருந்து விழுவதைத் தவிர.

விழுவதற்கும் இதில் ஏற்பாடு இருந்தது. பூத்தின் பெட்டியைப் போலவே ரூஸ்வெல்ட்டின் பிரம்மாண்டத்துக்கும் சுக்கான் கத்தி பின்னால்தான். பலமாக ஒரு காற்று அடித்தால் பாய் மூக்கை அழுத்தும், வால் தூக்கும். வாலில் இருக்கும் கத்தி ஐஸைவிட்டு எழும்பினால் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. படகு பம்பரமாகச் சுழலும். வாலில் மெத்தை போட்டுப் படுத்திருக்கும் கனவான்கள் கம்பளிக் கோட்டோடு திசைக்கொருவராகத் தெறிப்பார்கள். இதைச் சரிசெய்ய அவர்கள் கண்ட வழி இன்னும் பெரிய படகு கட்டுவது. பணம் இருந்தால் யோசிக்க வேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது.

1901 கிறிஸ்துமஸுக்கு சாரா அம்மாள் தன் பிள்ளை பிராங்க்ளினுக்கு ‘ஹாக்’ என்ற 28 அடி ஐஸ் படகைப் பரிசாகக் கொடுத்தார். பையனுக்கு வயது 19, படிப்பு ஹார்வர்டில். பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது என்று வரலாற்றாசிரியர்கள் கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள்.

1930களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் ஏரிகளில் சிலர் படகைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். சுக்கான் கத்தியை முன்னால் வை, நிலையான இரண்டையும் பின்னால் தள்ளு. வால்டர் போவே என்பவர் 75 சதுர அடிப் பாயோடு அப்படி ஒன்று செய்தார். இப்போது காற்று மூக்கை அழுத்தினால் சுக்கான் இன்னும் நன்றாகக் கடிக்கிறது. சுழற்சி குறைந்தது. ரூஸ்வெல்ட் சித்தப்பாவின் பாயில் பதினான்கில் ஒரு பங்குகூட இல்லாத பாயோடு ஒரு படகு அவர் படகை விட ஒழுங்காக ஓடியது. 140 ஆண்டுகளாக எல்லாரும் படகைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம்.

இனி டெட்ராய்ட். அந்த ஊர்க்காரர்களுக்கு ஐஸ் புதிதல்ல. மதுவிலக்குக் காலத்தில் கனடாவிலிருந்து சாராயப் பெட்டிகளை ஏற்றி, உறைந்த நீர் மேலேயே பழைய கார்களை ஓட்டி வந்தவர்கள். ஐஸ் உடைந்தால் குதிக்க வசதியாகக் கதவுகளைக் கழற்றிவிட்டு வருவார்களாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; இவர்கள் ஆழம் தெரிந்தே காரை விட்டவர்கள்.

1936–37 குளிர்காலம். பக்கத்து ஊர் ஃபிளின்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வாஷிங்டனில், ‘ஹாக்’ ஓட்டிய பையன், கொட்டும் மழையில் இரண்டாவது முறை ஜனாதிபதியாகப் பதவியேற்றுக்கொண்டிருந்தார். அதே குளிர்காலத்தில் ‘டெட்ராய்ட் நியூஸ்’ பத்திரிகையின் பொழுதுபோக்குப் பட்டறையில் மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. செய்தித்தாளுக்குத் தச்சுப் பட்டறை எதற்கு என்று கேட்கக் கூடாது. பொருளாதார மந்தக் காலம், வாசகர்கள் கையில் காசு இல்லை, கை மட்டும் இருந்தது. பட்டறையின் தலைமை ஆச்சாரி ஆர்ச்சி அரோல். அவரோடு ஜோ லாட்ஜ், நார்மன் ஜாரெட் என்று இருவர். மூவரும் சேர்ந்து, வீட்டில் எவனும் செய்யக்கூடிய ஒரு ஐஸ் படகை வரைந்தார்கள். உடல் 12 அடி, குறுக்குப் பலகை 8 அடி, பாய்மரம் 16 அடி, பாய் 60 சதுர அடி. கழற்றிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போகலாம். சுமார் 50 பேர் பட்டறைக்கு வந்து ஆளுக்கொன்று கட்டினார்கள். முதலில் அதற்கு ‘ப்ளூ ஸ்ட்ரீக்’ என்று கம்பீரமாகப் பெயர் வைத்தார்கள். ஊர் அதைச் சட்டைசெய்யாமல் பத்திரிகையின் முதலெழுத்துகளை ஒட்டி ‘டிஎன்’ என்றே கூப்பிட்டது.

கட்டுவது சுலபம் என்று படத்தைப் பார்த்தால் தோன்றும். இரண்டு பக்கப் பலகை, அடியில் பிளைவுட், உள்ளே சில குறுக்குக் கட்டைகள், பசை, வீட்டிலிருக்கும் எல்லா கிளாம்ப்பும், பக்கத்து வீட்டுக் கிளாம்ப்பும். பசை காயும்வரை தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. வில்லங்கம் குறுக்குப் பலகையில்தான். அது நேராக இருக்கக் கூடாது, வில் மாதிரி மேலே வளைந்திருக்க வேண்டும். ஆள் ஏறிப் படுத்ததும் அளவாக அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் மேடுபள்ளமெல்லாம் முதுகெலும்புக்கு வரும். அதிகம் அமுங்கினால் படகின் வயிறு ஐஸில் தேயும். ஆகவே பலகையின் இரு முனையையும் கட்டை மேல் வைத்து, நடுவில் கட்டுகிறவரே ஏறி நின்று, எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று இன்னொருவர் ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு இழைப்புளியால் கொஞ்சம் சீவு, மறுபடி ஏறு, மறுபடி அள. தையற்காரர் சட்டை தைக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கலாம். இங்கே அது நடக்காது. நவம்பரில் உடம்புக்கு அளந்து செதுக்கிய பலகை, கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பிறகு ஜனவரியில் உண்மையைச் சொல்லிவிடும்.

கத்திகள் இன்னொரு தலைவலி. கையில் காசில்லாதவர்கள் சாதாரண எல்-ஆங்கிள் இரும்பைக் கூர் கீழே வரும்படி மரத்தில் பதித்தார்கள். 90 டிகிரி முனை தானாகவே கிடைக்கிறது. அதை அரம் போட்டு நேராக்கி, ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் பின்கத்திகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். பிசகினால் இரண்டும் இரண்டு ஊருக்குப் போகப் பார்க்கும். படகு நடுவில் நின்று முனகும்.

1953-ல் டிஎன்-காரர்களும் சங்கம் வைத்தார்கள். வரைபடம் கடல் தாண்டிப் போயிற்று. போலந்திலும் எஸ்தோனியாவிலும் இரும்புத்திரைக்குப் பின்னால் ஆட்கள் அதே 12 அடியை இழைத்துக்கொண்டிருந்தார்கள். 1970களில் உலகப் பட்டத்தை வென்றவர்களில் ஒருவர் சோவியத் கொடியின் கீழ் ஓட்டிய எஸ்தோனியர் அய்ன் வில்டே. கார் முதலாளிகளின் ஊர்ப் பத்திரிகை வரைந்த படகு, கோப்பை மாஸ்கோ கணக்கில். பனிப்போர் நடந்த அத்தனை வருஷத்தில் உண்மையாகவே பனியில் மோதியவர்கள் இவர்கள்தான்.

ஓட்டும் விதமும் தனி. பந்தயம் தொடங்கும்போது யாரும் படகில் இருக்க மாட்டார்கள். ஷூவில் ஆணி வைத்துக்கொண்டு, குனிந்து, படகைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அறுபது வயதுக்காரரும் ஓடுவார். வேகம் பிடித்ததும் தாவி உள்ளே மல்லாந்து படுக்க வேண்டும், கால் முன்னால். மூக்குக்கு மேலே பாயின் அடிக்கழி. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் கப்பி வழியே வரும் பாய்க்கயிறு. நிறுத்த வேண்டுமென்றால் காற்றுக்கு நேரே மூக்கைத் திருப்பி, அதுவாக நிற்கும்வரை காத்திருப்பது. நின்றதும் முன்கத்தியில் இருக்கும் சின்ன பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதை மறந்து, பாயையும் இறக்காமல் கரைக்குக் காபி குடிக்கப் போனவரின் படகு, லேசாகக் காற்று திரும்பியதும் ஆளில்லாமலே கிளம்பிவிடும். ஆணி ஷூவோடு பின்னால் துரத்துகிற உரிமையாளரை, ஏரியில் இருக்கும் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.