டம்ளர் வீழ்ச்சியும் அம்மா விழிப்பும்: ஓர் ஆய்வு

நள்ளிரவில் தண்ணீர் குடிக்கப் போகிறவன் கைபட்டு எவர்சில்வர் டம்ளர் விழுவதை ஆன்றோர் எவரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

ஆய்வுக்களம் எங்கள் அடுக்களை. விளக்கைப் போட்டால் அம்மா விழித்துவிடுவாள் என்பதால் ஆய்வு இருட்டிலேயே நிகழ்த்தப்பட்டது. டம்ளர் இருந்த மேல்தட்டின் உயரம் 180 செ.மீ. புவியீர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகத்தை ஏற்றிவிடுவதால், தரை சேர 0.6 நொடி போதும். சேரும்போது வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். கை சுதாரிக்கவே 0.2 நொடி போய்விடும். அதற்குள் டம்ளர் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிட்டது. மிச்ச நேரத்தில் 'ஐயோ' என்று நினைக்கலாம், அவ்வளவுதான்.

என் முழங்கை தட்டியதில் பித்தளைச் சொம்பும் கூடவே கிளம்பியது ஆய்வுக்கு வலு சேர்த்தது. கனமான சொம்புதான் முந்தும் என்பது அரிஸ்டாட்டில் கட்சி. கலிலியோ 1638-இல் வந்த நூலில் இதை மடக்கினார். அவர் கேள்வியைப் பாத்திர பாஷையில் கேட்டால் இப்படி: இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டால், மெதுவான டம்ளர் சொம்பை இழுத்துப் பிடிக்குமா, அல்லது எடை கூடியதால் இரண்டும் இன்னும் வேகமாக விழுமா? இரண்டும் எப்படி உண்மையாகும்? எங்கள் வீட்டில் ஒரே ஒரு 'டமார்'தான் கேட்டது. கலிலியோ சொன்னது சரி.

1971-இல் அப்பல்லோ 15 பயணி டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், ஒன்றாகவே விழுந்தன. அங்கே முடுக்கம் 1.6 தான். நம் டம்ளர் விழ ஒன்றரை நொடி ஆகும், சாவகாசமாகப் பிடிக்கலாம். தவறினாலும் காற்று இல்லாததால் சத்தம் அம்மா காதை எட்டாது. ஆய்வாளர்கள் குடியேற உகந்த இடம்.

பூமியில் தொல்லையே விழுந்த பிறகுதான். வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் நேராக உருளாது; மொசைக் தரையில் கணகணவென்று வட்டமடித்து, சிலிண்டரில் முட்டித்தான் நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெரியம்மா பேர் வெட்டின சொம்புதானேடா அது? நசுங்கிடுச்சா பாரு."

இருட்டில் தடவிப் பார்த்தேன். பேருக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம்.

"இல்லம்மா" என்றேன்.